தண்ணீரில் போட்ட செல் என்ன ஆகும்? சவ்வூடு பரவலைக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் சில நொடிகளில் வெடித்துவிடும். வெங்காயச் செல்லை அதே தண்ணீரில் போட்டால் விறைப்பாகி, முன்னைவிட நன்றாக இருக்கும். ஒரே செல்லாலான நுண்ணுயிரி பாரமீசியம் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்து பிளந்து பெருகுகிறது. தவளை முட்டை குளத்தில் நாள்கணக்கில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் ஒன்றுதான், முடிவு மட்டும் நாலு விதம்.

பாடப்புத்தகத்தில் வழக்கமாக மூன்று படங்கள் இருக்கும்: உப்பிய செல், சுருங்கிய செல், சாதாரண செல். மனப்பாடம் செய்து எழுத அது போதும். ஆனால் பழக்கமில்லாத ஒரு செல்லையும் ஒரு கரைசலையும் காட்டி "இதை அதில் போட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டால் அந்தப் படங்கள் உதவாது. அதற்கு நாலு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். முதலில் அந்தக் கேள்விகளைப் பார்ப்போம். அப்புறம் கையால் செய்து பார்க்கும் சோதனைகளுக்கு வருவோம்.

அடிப்படை: எது எங்கே போகிறது

செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்மா சவ்வு தண்ணீரை விடும். உப்பு, சர்க்கரை, புரதம் போன்றவற்றை அத்தனை எளிதில் விடாது. சவ்வின் இரு பக்கத்திலிருந்தும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் குறுக்கே போய் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கத்தில் கரைபொருள் அதிகமாக இருந்தால், அங்கிருந்து கிளம்பும் தண்ணீர் குறைவு, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது அதிகம். வரவு செலவைக் கழித்துப் பார்த்தால் கரைபொருள் அதிகமுள்ள பக்கத்தில் தண்ணீர் சேர்கிறது. இந்த நிகர ஓட்டத்தைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இதன் பெயர் பிரசாரணம்.

ழான் அந்துவான் நோலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1748-லேயே இதைக் கவனித்துவிட்டார். சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுக்கிக் கட்டி அவர் தண்ணீருக்குள் வைக்க, அந்தத் தோல் வெளிப்பக்கமாக உப்பிக்கொண்டு வந்தது. இந்த உப்பலுக்குப் பின்னால் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று 1877-ல் அளந்து காட்டியவர் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர். அந்த அளவுகளை வைத்துச் சமன்பாடு அமைத்த வான்ட் ஹாஃப், 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசையே வாங்கினார்.

அழுத்தம் சும்மா லேசுப்பட்டது இல்லை. நம் இரத்தச் சிவப்பணுவின் உட்பக்கத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் இடையே உடல் வெப்பநிலையில் ஏழு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் வரும். எழுபது மீட்டருக்கும் உயரமான தண்ணீர்த் தொட்டியின் அடியில் இருக்கும் அழுத்தம் அது.

முதல் கேள்வி: எந்தப் பக்கம் துகள்கள் அதிகம்?

எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதை இங்கே பார்க்கக் கூடாது. எத்தனை துகள்கள் மிதக்கின்றன என்று பார்க்க வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

0.9% உப்புக்கரைசல், 5% குளுக்கோஸ் கரைசல், ஏறக்குறைய 10% சர்க்கரைக் கரைசல் மூன்றும் தண்ணீரை இழுக்கும் வலிமையில் கிட்டத்தட்ட சமம். குளுக்கோஸ் மூலக்கூறு உப்பைவிடக் கனமானது, அதனால் ஒரு கிராமில் எண்ணிக்கை குறைவு. சர்க்கரை அதைவிடக் கனம். போதாக்குறைக்கு, உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்து இரண்டு துகளாகக் கணக்கில் வருகிறது. ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு என்றால் 0.154 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு), இரண்டாகப் பிரிந்தபின் 0.308. ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ் என்றால் சுமார் 0.278. நம் இரத்தப் பிளாஸ்மாவின் அளவு ஏறக்குறைய 0.285 முதல் 0.295 வரை. மருத்துவமனை டிரிப்பில் 0.9%, 5% என்ற அந்த இரண்டு எண்களும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

செல்லின் உட்பக்கத்தைவிட வெளியே துகள்கள் குறைவாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகும், அதிகமாக இருந்தால் வெளியே வரும், சமமாக இருந்தால் நிகர ஓட்டம் இருக்காது. சமநிலையிலும் தண்ணீர் நின்றுவிடுவதில்லை, போவதும் வருவதும் ஒரே அளவாக நடக்கிறது.

இரண்டாம் கேள்வி: அந்தத் துகள் சவ்வைத் தாண்டுமா?

பல வழிகாட்டிகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. விடை தலைகீழாக மாறுவதோ இங்கேதான்.

ஒரு லிட்டரில் 18 கிராம் யூரியாவைக் கரையுங்கள். துகள் எண்ணிக்கை 0.3 மோல், அதாவது இரத்தத்துக்குச் சமம். இதில் சிவப்பணுக்களைப் போட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் முதல் கேள்வியின்படி சொல்லத் தோன்றும். நடப்பது வேறு, அவை வெடிக்கும். யூரியா சிவப்பணுவின் சவ்வை எளிதாகத் தாண்டிவிடும். அது உள்ளே போகப் போக உள்ளேயுள்ள துகள் எண்ணிக்கை கூடுகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. செல்லைப் பொறுத்தவரை அது வெறும் தண்ணீரில் போட்டதற்குச் சமம்.

ஆகவே எண்ணிக்கையில் சமம் என்பது வேறு, செல் தன் அளவை மாற்றாமல் இருக்கும் ஐசோடானிக் கரைசல் என்பது வேறு. ஹைப்போடானிக் என்றால் அதில் செல் உப்பும், ஹைப்பர்டானிக் என்றால் சுருங்கும். செல் கடைசியில் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பெயர்கள். அதைத் தீர்மானிப்பவை சவ்வைத் தாண்ட முடியாத துகள்கள் மட்டுமே.

5% குளுக்கோஸ் டிரிப்பிலும் இதே கதை உண்டு. பாட்டிலில் இருக்கும்போது அது இரத்தத்துக்கு இணையானது. உடலுக்குள் போனதும் செல்கள் குளுக்கோஸை எடுத்துச் செலவழித்துவிடும், மிஞ்சுவது தண்ணீர். நோயாளிக்கு உப்புநீர் ஏற்றுவதா, குளுக்கோஸ் ஏற்றுவதா என்று மருத்துவர் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுத்திகரித்த வெறும் தண்ணீரை அப்படியே இரத்தக்குழாயில் ஏற்றக் கூடாது என்பதற்கு விளக்கமே தேவையில்லை, சிவப்பணுக்கள் உடையும்.

மூன்றாம் கேள்வி: செல் சுவர் உண்டா?

விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது. சவ்வும் பெரிதாக நீளாது. சிவப்பணு கொஞ்சம் தாக்குப்பிடிப்பதே அதன் வடிவத்தால்தான். இரு பக்கமும் குழிந்த தட்டு போல இருப்பதால் உப்ப இடம் இருக்கிறது. தட்டு உருண்டையாகும்வரை சவ்வுக்குப் பாதிப்பில்லை. முழு உருண்டையான பின்னும் தண்ணீர் வந்தால் கிழிந்து, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் கொட்டிவிடும். இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். 0.9% உப்புநீரில் இரத்தத்தைக் கலந்த சோதனைக்குழாய் கலங்கலாக இருக்கும், பின்னால் வைத்த அச்செழுத்து தெரியாது. 0.3% உப்புநீரில் கலந்த குழாய் சிவப்பாக இருந்தாலும் தெளிந்திருக்கும், எழுத்தைப் படிக்கலாம். செல்களே இல்லை, எல்லாம் உடைந்துவிட்டன. இயல்பான சிவப்பணுக்கள் 0.5% அருகில் உடையத் தொடங்கும். பிறவியிலேயே சிவப்பணுக்கள் உருண்டையாக இருப்பவர்களுக்கு உப்ப இடமே இல்லாததால் அதைவிட அதிக உப்புள்ள நீரிலேயே உடைந்துவிடும். அந்த நோயைச் சந்தேகித்தால் செய்யும் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

தாவரச் செல்லுக்குச் செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்து சவ்வைச் சுவரோடு வைத்து அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும். ஒரு கட்டத்தில் வரும் தண்ணீரும் வெளியே தள்ளப்படும் தண்ணீரும் சமமாகிவிடும். இதுதான் விறைப்பழுத்தம். பல தாவரங்களின் இலைச்செல்லில் இது 5 முதல் 10 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான். மரத்தண்டு இல்லாத கீரை நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால். கடைக்காரர் வாடிய கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளிப்பதும் இதற்காகத்தான்.

பாக்டீரியாவுக்கும் சுவர் உண்டு. அதன் உட்பக்கம் அடர்த்தி அதிகம், எப்போதும் தண்ணீர் நுழையப் பார்க்கும். 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வளரும் பாக்டீரியாவின் சுவர் பலவீனமாகி, மீதி வேலையைச் சவ்வூடு பரவல் முடித்துவிடுகிறது. மனிதச் செல்லில் இடிக்கச் சுவரே இல்லை என்பதால் அந்த வகையில் நமக்குப் பாதிப்பில்லை.

நாலாம் கேள்வி: தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும், வந்ததை வெளியேற்ற வழி உண்டா?

பாரமீசியத்துக்குச் சுவர் கிடையாது, ஆனால் சுருங்கும் நுண்குமிழ்கள் உண்டு. உள்ளே வரும் தண்ணீரைச் சேர்த்து, நிறைந்ததும் சுருங்கி வெளியே தள்ளும். நுண்ணோக்கியில் அது நிரம்புவதும் மறைவதும் நன்றாகத் தெரியும். வெளியே கொஞ்சம் உப்பு சேர்த்தால் துடிப்பு குறையும், இறைக்க வேண்டிய தண்ணீர் குறைந்துவிட்டதே.

தவளை முட்டையின் வழி இன்னொன்று: அதன் சவ்வு தண்ணீரை மிக மெதுவாகத்தான் விடும். 1992-ல் பீட்டர் ஏக்ரே குழுவினர் செய்த சோதனையின் அழகு இதில்தான் இருக்கிறது. சிவப்பணுவில் ஏராளமாக இருந்த ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இருந்தது. அதைத் தயாரிப்பதற்கான ஆர்என்ஏவை ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைச் செல்லில் செலுத்தி, சில நாள் கழித்து நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டை அப்படியே இருந்தது. புரதம் பெற்ற முட்டையோ சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. அந்தப் புரதம்தான் தண்ணீருக்கென்றே அமைந்த கால்வாய், அக்வாபோரின். ஏக்ரேக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இனி கையால் செய்வோம்.

சோதனை 1: உருளைக்கிழங்கு, ஐந்து டம்ளர்

பள்ளியில் செய்யும் குழிதோண்டிய உருளைக்கிழங்கு சோதனை, நீர்மட்டம் ஏறுவதைக் காட்டும், அவ்வளவுதான். எடைபோட்டுச் செய்வது உருளைக்கிழங்குச் செல்லுக்கு எது ஐசோடானிக் என்ற எண்ணையே தந்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர்க் கரைசலில் 50 கிராம் உப்பு இருக்கும்படி 5% கரைசல் தயார் செய்யுங்கள். முதல் டம்ளரில் 100 மி.லி வெறும் தண்ணீர். இரண்டாவதில் 10 மி.லி உப்புக்கரைசலும் 90 மி.லி தண்ணீரும் (0.5%). மூன்றாவதில் 20-க்கு 80 (1%), நாலாவதில் 40-க்கு 60 (2%), ஐந்தாவதில் கலக்காத 5%.

தோல் சீவிய ஒரே கிழங்கிலிருந்து ஒரு செ.மீ தடிமனில், ஐந்து செ.மீ நீளத்தில் துண்டுகள் நறுக்குங்கள். தோல் ஒட்டியிருந்தால் தண்ணீர் சரியாகப் போகாது. டம்ளருக்கு மூன்று துண்டு. போடுமுன் ஒவ்வொரு தொகுதியையும் துணியால் ஒற்றி எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. இரண்டு மணி நேரம் ஊறட்டும். எடுத்து, அதே அளவு ஒற்றி, மறுபடி எடைபோடுங்கள். ஒற்றுவதில் ஆளுக்கொரு கை வைத்தால் முடிவு கெடும், ஒரே ஆள் செய்வது நல்லது.

எடை வித்தியாசத்தை முதல் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 18 கிராம் 19.2 ஆனால் 6.7% ஏற்றம். கிராமை அப்படியே ஒப்பிடக் கூடாது, துண்டுகள் ஒரே எடையில் இருக்காது. உப்பின் சதவீதத்தைக் கிடையாகவும் எடை மாற்றத்தை நெடுக்காகவும் வரைபடத்தில் போட்டால், கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடம்தான் நீங்கள் தேடும் எண். பெரும்பாலும் அது 1% பக்கத்தில் வரும். கிழங்கின் வகையும் வயதும் அதை நகர்த்தும்.

கையால் தொட்டும் பாருங்கள். வெறும் தண்ணீரில் கிடந்த துண்டை வளைத்தால் படக்கென்று ஒடியும். 5% துண்டு ரப்பர் மாதிரி வளையும், ஒடியாது.

இதோடு ஒரு வேகவைத்த துண்டையும் வெறும் தண்ணீரில் போட்டு வையுங்கள். அது விறைக்காது. வெந்தபோது சவ்வு சிதைந்துவிட்டது, சவ்வு இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை.

சோதனை 2: ரியோ இலை, நுண்ணோக்கி

தொட்டியில் அழகுக்கு வைக்கும் ரியோ செடியின் இலை மேலே பச்சை, அடியில் ஊதா. அந்த ஊதா நிறம் செல்லுக்குள் இருக்கும் பெரிய நீர்ப்பையான வாக்குவோலுக்குள் இருப்பதால் சாயமே தேவையில்லை. இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்புறத்தில் மெல்லிய ஊதாத் தோல் உரியும். அதை ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, கவர் ஸ்லிப் வைத்து முதலில் பாருங்கள், ஒவ்வொரு செல்லும் ஓரம்வரை ஊதாவாக நிறைந்திருக்கும்.

இப்போது கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5% உப்புநீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். பிறகு நடுவில் ஒரு பந்தாகத் திரளும், சுவர் மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும். இதுவே பிளாஸ்மா சிதைவு. சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவே காலியாகத் தெரியும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி. உப்புநீர்தான் இருக்கிறது. செல்சுவர் கரைபொருளைத் தடுப்பதில்லை, வடிகட்டுவது சவ்வு மட்டுமே.

அதே வழியில் வெறும் தண்ணீரை விட்டு இழுத்தால் ஊதா மறுபடி பரவி நிறையும். நிறையவில்லையென்றால் அதிக நேரம் உப்பில் விட்டு செல் செத்திருக்கும்.

ரியோ கிடைக்காவிட்டால் சிவப்பு வெங்காயத்தின் நிறமுள்ள வெளித்தோல் போதும்.

சோதனை 3: ஓடில்லா முட்டை

முட்டையை வினிகரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்தால் ஓடு கரைந்து சவ்வோடு நிற்கும். தண்ணீரில் வைத்தால் பெருக்கும், சர்க்கரைப்பாகில் வைத்தால் தொளதொளவென்று சுருங்கும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்தத் தோல் ஓட்டுக்கு அடியிலுள்ள புரத உறை, செல்சவ்வு இல்லை. மாதிரி என்று சொல்லிக் காட்டுவதே சரி.

வீட்டிலும் வயலிலும்

மாவடுவில் கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் ஓரிரு நாளில் ஜாடியில் தண்ணீர் தேங்கும், வடு சுருங்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை, அத்தனையும் மாங்காய்ச் செல்களிலிருந்து வந்தது. கெடாமல் இருப்பதற்கும் இதில் பங்குண்டு, அந்த உப்பில் பெரும்பாலான கிருமிகளும் தண்ணீரை இழந்து வளர முடியாமல் போகின்றன.

செடியின் தண்டருகே ஒரு கைப்பிடி உரத்தைக் கொட்டினால், மண் ஈரமாக இருந்தும் செடி வாடும். வேருக்கு வெளியே துகள் எண்ணிக்கை கூடி வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் பக்கத்து வயல்களுக்கும் நேர்ந்த சிக்கல்களில் இது முக்கியமானது. பிச்சாவரத்து அலையாத்தி மரங்கள் உப்புநீரிலேயே நிற்பது எப்படி என்றால், இலைச்செல்களில் கரைபொருளை மிக அதிகமாக வைத்துக்கொண்டு தண்ணீரை இழுக்கின்றன, அவற்றில் சில வகைகள் மீறி ஏறும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகின்றன.

பேதியில் இழந்த தண்ணீரை ஈடுசெய்யக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடியான ஓஆர்எஸ் கலக்கும்போது கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரப்படி அதன் துகள் அளவு லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (மேலே பார்த்த கணக்கில் 0.245), இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. குடல் செல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்க, பின்னால் தண்ணீர் வருகிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் திசை மாறி, உடலின் தண்ணீர் குடலுக்குள் வந்து பேதி கூடலாம். 200 மி.லிக்கான சிறிய பாக்கெட்டுகளும் கடையில் உண்டு, ஆகவே மேலே அச்சிட்ட அளவைப் பார்த்தே கலக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தின் சோடியம் குறைந்து மூளைச் செல்கள் உப்பும். மண்டையோட்டுக்குள் உப்ப இடம் ஏது? 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி தந்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது.

கடைசியாக ஒன்று: நெடுநேரம் தண்ணீரில் இருந்தால் விரல்நுனி சுருங்குவதைச் சவ்வூடு பரவலுக்கு உதாரணமாகப் பலர் எழுதுகிறார்கள். தோல் தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் சுருக்கம் என்றால், நரம்பு துண்டிக்கப்பட்ட விரலும் சுருங்க வேண்டும், ஆனால் அது சுருங்குவதில்லை. நரம்பின் கட்டளைப்படி விரல்நுனியின் இரத்தக்குழாய்கள் இறுகுவதால் வரும் சுருக்கம் அது. விரல் நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கையை வெந்நீரில் வைக்கச் சொல்வதும் உண்டு.